வாயில் குண்டூசி

புத்தகம் படித்துவிட்டு வருகிறவர்களை அவள் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். துணி தைக்க வருகிறவர்கள் நேராக மேஜைக்கு வந்து பையைக் கவிழ்ப்பார்கள். "இடுப்பு பிடிக்குது, கொஞ்சம் விட்டுக் குடுங்க" என்பார்கள். அவர்களுக்கு அவள் முகமே தெரியாது. புத்தகக்காரர்கள் அப்படியல்ல. கதவைத் தள்ளியதும் முதலில் அவள் வாயைத்தான் பார்ப்பார்கள். உதட்டோரத்தில் குண்டூசி இருந்தால் முகமெல்லாம் பல்லாகிவிடும். இல்லாவிட்டால் தவறான கடைக்கு வந்துவிட்டோமோ என்று பெயர்ப்பலகையை எட்டிப் பார்ப்பார்கள்.

"நீங்கதானே குண்டூசி அக்கா?"

"ஆமா."

"ஐயோ, நிஜமாவே இருக்கீங்களா!"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. "இருக்கேன்" என்பாள். அதற்கும் சிரிப்பார்கள்.

வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்றுதான் பெயர். தங்கை சின்னவள். அம்மா இறந்த வருஷம் வீட்டுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. எட்டாம் வகுப்போடு பெரியவள் நின்றாள். சின்னவள் படித்தாள், பேசினாள், பேசிப் பேசியே மேடை ஏறினாள். இப்போது தனியாக ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் பேரை வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறாள். ஊர் ஊராகப் போகிறாள். போன வருஷம் தன் கதையைப் புத்தகமாக எழுதினாள். அதில் கடைசி அத்தியாயம் முழுக்கப் பெரியவள்தான்.

பெரியவள் வேலை பார்ப்பது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஓர் அறையில். பழைய துணியைப் பிரித்து, சுருக்கி, நீட்டி, ஆளுக்கு ஏற்றபடி ஆக்கித் தரும் கடை. இரண்டு தையல் மெஷின், ஓவர்லாக் மெஷின் ஒன்று, போட்டுப் பார்க்கிறவர்களுக்கு மூலையில் ஒரு திரை. மேலே யாராவது படியேறினால் டியூப்லைட் நடுங்கும். எதிர் மெஷினில் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற பெண் உட்கார்ந்திருப்பாள். காஜாக்காரி என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். வாய் ஓயாதவள். பெரியவளுக்கு அதில் நிம்மதிதான். ஒருத்தி பேசினால் இன்னொருத்தி பேச வேண்டியதில்லை.

தவிர, வேலை நேரத்தில் அவளால் பேசவும் முடியாது. குண்டூசிகளை இடது உதட்டோரத்தில் வரிசையாகக் கவ்விக்கொண்டுதான் மடிப்புப் பிடிப்பாள். ஊசி மெத்தை பக்கத்திலேயே இருந்தாலும் பழக்கம் விடவில்லை. வாயில் ஊசி இருக்கும்போது பாதிப் பேச்சுதான் வெளியே வரும். மீதியை ஊசி பிடித்துக்கொள்ளும். "ம்" என்று இழுத்தால் இறுக்கம், வெட்டினால் தொளதொளப்பு. காஜாக்காரிக்குப் புரியும். மற்றவர்களுக்குப் புரியாது. அந்த அத்தியாயமே அதைப் பற்றியதுதான்.

அப்பா ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கினார். ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவதே வேலை. "நான் தினமும் மேல போறவன். ஒரு நாளாவது கீழ வராம இருந்திருக்கேனா?" என்பார். நெஞ்சில் சளி கட்டிக் கட்டிலோடு கிடந்தபோதும் அதையேதான் சொன்னார். எதிர்வீட்டம்மா காலையும் மாலையும் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "எப்படி இருக்கார்?" என்று கேட்பாள். "மேல போகலை, இன்னும் மூணாவது மாடிதான்னு சொல்லு" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

அன்று காலை அவரை டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். மாத்திரை மயக்கத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். பெரியவள் அவருடைய நல்ல சட்டையை எடுத்து, தோள் தொங்காமல் இருக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆள் அவ்வளவு இளைத்திருந்தார். வாயில் குண்டூசிகள். பிடித்து முடித்துப் பார்த்தால் இரண்டாவது பட்டனைக் காணவில்லை. மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் தேடினாள். ஜன்னலில் எதிர்வீட்டம்மாவின் தலை.

"என்னடி, இப்படி உக்காந்திருக்கே? என்ன ஆச்சு?"

"போயிடுச்சு."

"என்னது?"

"ராத்திரியே போயிருக்கும் போல. நான் இப்பதான் பார்த்தேன்."

சொல்லிவிட்டு, அதே நிறத்தில் ஒரு பட்டன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். அந்த நிறம் லேசில் கிடைக்கவில்லை. நாலைந்து கடை ஏறி இறங்கித் திரும்பியபோது வாசலில் வாடகை நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அலுவலகத்திலிருந்து வளையம் வளையமாகப் பூ வந்திருந்தது. எதிர்வீட்டம்மா தெருவுக்கே சொல்லி, அலுவலகத்துக்கும் சின்னவளுக்கும் போன் போட்டு, அழுது தொண்டை கட்டிப்போயிருந்தாள். பக்கத்து ஊரில் நிகழ்ச்சிக்குப் போயிருந்த சின்னவள் வாடகைக் கார் பிடித்து வந்து, படியிலேயே செருப்பை உதறிவிட்டு, "அப்பா!" என்று கத்திக்கொண்டே ஏறினாள். அந்தச் சத்தத்தில் அப்பா கண்ணைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார். பூவைப் பார்த்தார்.

"யாருக்கு என்ன?"

எதிர்வீட்டம்மா, சொல்லித் தொலைக்க வேண்டியதாகிவிட்டதே என்ற முகத்தோடு, "உங்களுக்குத்தான்" என்றாள்.

அப்பா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "அப்போ எனக்கும் ஒரு நாற்காலி போடுங்க" என்றார்.

புத்தகம் அந்த வரியோடு முடிகிறது.

சின்னவள் முதல் பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தாள். பெரியவள் விரலை வைத்து ஓட்டித்தான் படிப்பாள். கடைசி அத்தியாயத்துக்கு வர ஒரு மாதம் ஆனது. எல்லாம் நடந்தபடியே இருந்தது. அழகாகவும் இருந்தது. படித்து முடித்து, சிரிப்பு வருமா என்று பார்த்தாள். வரவில்லை. கோபம் வருமா என்று பார்த்தாள். அதுவும் இல்லை. பசித்தது. எழுந்து போய்ச் சாப்பிட்டாள்.

அதற்குள் புத்தகம் ஓடத் தொடங்கியிருந்தது. காஜாக்காரி செல்போனில் வாசகர்கள் எழுதுவதையெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டுவாள்.

"இங்க பாரேன், 'பஸ்ல படிச்சேன், பக்கத்து சீட்டுக்காரர் எந்திரிச்சுப் போயிட்டார், அவ்வளவு சிரிச்சேன்'னு ஒருத்தி. இன்னொருத்தர், 'ஆஸ்பத்திரியில எங்கப்பா பக்கத்துல உக்காந்து படிச்சேன், ரெண்டு பேரும் சிரிச்சோம்'ங்கிறார். இது யாரு... நாலு நட்சத்திரம்தான் போட்டிருக்கான், கடன்காரன். 'எல்லாம் அருமை. ஆனா அந்த அக்கா பாத்திரம் கொஞ்சம் மிகை. இப்படி ஒரு பெண் நிஜத்தில் இருக்க முடியாது.'"

"ம்."

"என்ன ம்? உன்னால ஒரு நட்சத்திரம் போச்சு அவளுக்கு. கொஞ்சம் நிஜமா இருந்து தொலையேன்."

காஜாக்காரி சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். பெரியவள் மடிப்பில் ஊசியை ஏற்றினாள். அவளுடைய இடது ஆள்காட்டி விரல் நுனி மரத்துப்போய்ப் பல வருஷமாகிறது. ஊசி ஏறினாலும் துணியில் சிவப்பாகப் பொட்டு விழுந்த பிறகுதான் தெரியும்.

ஆட்கள் கடைக்கே வரத் தொடங்கினார்கள். கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "ஒரே ஒரு தடவை, 'போயிடுச்சு' சொல்லுங்கக்கா" என்று கெஞ்சினார்கள். சொன்னாள். சட்டையே போடாத தன் கைக்குழந்தைக்கு அக்கா கையால் தைக்க வேண்டும் என்று ஒரு பொட்டலம் பட்டன் வாங்கி வந்தாள் ஒருத்தி. போகும்போது எல்லோரும் ஒன்றைக் கேட்டார்கள்.

"அப்பா எப்படி இருக்கார்?"

முதல் தடவை கேட்டபோது அவள் வாயில் ஊசி இருந்தது. கேட்டவர் வயதான மனிதர். புத்தகத்தை மார்போடு அணைத்திருந்தார். பெரியவள் ஊசிகளை எடுத்துவிட்டு, "நல்லாயிருக்கார்" என்றாள். அவர் சந்தோஷமாகப் போனார். காஜாக்காரி மெஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

அப்பா அந்த நாற்காலிக் கூத்துக்குப் பிறகு ஒன்றரை மாதம் இருந்தார். ஒரு நாள் விடிகாலை, பெரியவள் வெந்நீர் வைத்துவிட்டு வந்து பார்த்தபோது மூச்சு நின்றிருந்தது. அவள் வாயில் ஒரு ஊசியும் இல்லை. எல்லோரிடமும் தெளிவாகத்தான் சொன்னாள். எதிர்வீட்டம்மா கதவைத் திறந்து, "நல்லாப் பாத்தியா? கட்டிலுக்கு அடியில தேடினியா?" என்று சிரித்தாள். நாற்காலிக்காரர், "இந்தத் தடவை உறுதியாம்மா? போன தடவை வண்டிக்கூலிதான் மிச்சம்" என்றார். சின்னவளுக்கு போன் போட்டாள்.

"அப்பா போயிட்டாருடி."

அந்தப் பக்கம் யார் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எது, காலர் பட்டனா? கை பட்டனா? ஏய், இருங்க, எங்கக்கா மறுபடியும் ஆரம்பிச்சுட்டா!" என்று கூட இருந்தவர்களிடம் சொன்னாள். "அக்கா, சாயங்காலம் பெரிய மேடை. முடிச்சுட்டுப் பேசறேன்." வைத்துவிட்டாள். அன்று மேடையில் அதையும் சேர்த்துச் சொன்னாள். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

எதிர்வீட்டம்மா மத்தியானம்தான் உள்ளே வந்து பார்த்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதுவரை பெரியவள் அப்பாவோடு தனியாக இருந்தாள். அழவில்லை. அழலாமா என்று காத்துக்கொண்டிருந்தது போல இருந்தது. அடுப்பில் வெந்நீர் வற்றி, பாத்திரம் கருகிய வாசனை வந்தது. எழுந்து போய் அணைத்தாள். எதிர்வீட்டம்மா சொல்லித் தெரிந்து, சின்னவள் மறுநாள் வந்தாள். இருவரும் அந்த போனைப் பற்றி இதுவரை பேசியதில்லை.

இப்போது ஒரு மத்தியானம் சின்னவள் கடைக்கே வந்து நின்றாள். காஜாக்காரி இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "நூல்கண்டு தீந்துபோச்சு" என்று கிளம்பினாள். அவள் மெஷினில் புதுக் கண்டு முழுசாக இருந்தது.

பெரியவள் ஒரு நீளமான ஓவர்கோட்டை மேஜையில் விரித்து விளிம்பு பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேடையில் பார்ப்பதைவிடச் சின்னதாகத் தெரிந்தாள்.

"வாசகருங்க எழுதறாங்கக்கா. எல்லாரும் ஒண்ணுதான் கேக்கறாங்க. அப்புறம் அப்பா என்ன ஆனார்னு."

"ம்."

"அடுத்த பதிப்புல ஒரு அத்தியாயம் சேக்கச் சொல்றார் பதிப்பாளர். நான்... அந்த ரெண்டாவது போனை எழுதலாம்னு பாக்கறேன். நான் சிரிச்சதை. மேடையில போய் அதையே வித்ததை. என்னைத்தான் கேவலமா எழுதுவேன், உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா அது உன்னோட காலைப்பொழுது. நீ சரின்னாத்தான் எழுதுவேன்."

"ம்."

"ம்னா என்ன? சரியா, வேண்டாமா? வாயில ஊசியோட நீ சொன்னதை நம்பி இந்தக் குடும்பம் பட்டது போதும்."

கிண்டல் பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்னவளும் சிரிக்கவில்லை, கேட்டவளும் சிரிக்கவில்லை. மேலே யாரோ படியேறினார்கள். டியூப்லைட் நடுங்கி நின்றது.

பெரியவள் ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மெத்தையில் குத்தினாள். உதட்டைப் புறங்கையால் துடைத்தாள்.

"வேண்டாம்."

"கோபமாக்கா?"

கோபம் இருக்கிறதா என்று அவள் உள்ளே கையை விட்டுத் துழாவுவது போல யோசித்தாள். கட்டிலுக்கு அடியில் பட்டன் தேடியது மாதிரிதான். கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"இல்லை."

"பின்னே? ஊருக்குத் தெரிஞ்சா உனக்கு அசிங்கமா?"

"இங்க வர்றவங்க கேக்கறாங்க, அப்பா எப்படி இருக்கார்னு."

"என்ன சொல்றே?"

"நல்லாயிருக்கார்னு சொல்லிட்டிருக்கேன்."

சின்னவள் அவளையே பார்த்தாள்.

"உன் புத்தகத்துல அவர் மேல போயிட்டுக் கீழ வந்துட்டார். நாற்காலி கேட்டார். அங்கயாவது உக்காந்திருக்கட்டும்" என்றாள் பெரியவள். இவ்வளவு நீளமாகப் பேசி எத்தனையோ நாளாகிவிட்டது.

சின்னவள் துணியில் கோடு போடும் சாக்பீஸ் துண்டை எடுத்து விரலில் உருட்டினாள். விரலெல்லாம் வெள்ளையாயிற்று.

"சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வரலைக்கா."

"எனக்கும்தான் வரலை."

பெரியவள் கோட்டைத் திருப்பிப் போட்டாள்.

கதவு தள்ளப்பட்டது. கையில் புத்தகத்தோடு ஒரு பெண். தோளில் ஆஸ்பத்திரி நர்ஸின் பை. வழக்கம்போல முதலில் பெரியவள் வாயைப் பார்த்தாள், காலியாக இருந்தது. பிறகு ஸ்டூலில் இருந்தவளைப் பார்த்தாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ! ரெண்டு பேருமா! நைட் டியூட்டில இதைப் படிச்சுட்டு நான் சிரிச்ச சிரிப்புல ஒரு பேஷண்ட் எந்திரிச்சு உக்காந்துட்டார் மேடம்!"

சின்னவள் எழுந்து நின்றாள். மேடை முகம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கையெழுத்துப் போட்டாள். சாக்பீஸ் வெள்ளை பக்கத்தில் படிந்தது. அந்தப் பெண் அதை ஊதி விடவில்லை. அப்படியே பத்திரமாக மூடிக்கொண்டாள். கதவுவரை போனவள் திரும்பினாள்.

"கேக்க மறந்துட்டேனே. அப்பா எப்படி இருக்கார்?"

பெரியவள் வாயைத் திறக்கவில்லை. தங்கையைப் பார்த்தாள்.

சின்னவள் வெள்ளை விரல்களைப் புடவையில் துடைத்தாள். துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லாயிருக்கார்" என்றாள்.

"ரொம்ப சந்தோஷம். நான் கேட்டேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

கதவு சாத்திக்கொண்டது. சின்னவள் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பெரியவள் மெத்தையிலிருந்து ஊசிகளை எடுத்து, ஒவ்வொன்றாக உதட்டோரத்தில் வைத்துக்கொண்டாள். கோட்டின் விளிம்பு இன்னும் பாதி பாக்கி இருந்தது.