மூடி திறந்த தட்டு

மாதுளை முத்துகளைச் சிதறவிட்டதுபோல் வட்டத் தட்டு முழுக்கச் சிவப்பு ஈஸ்ட் திட்டுகள். சில திட்டுகளில் மட்டும், வகிர்ந்தெடுத்தாற்போல் ஒரு வெள்ளைக் கீற்று. தஞ்சாவூர் ஆய்வகத்தில் எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவியான அக்கா அந்தத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நின்ற நிலை, இந்த வயதிலும் என்னை உட்காரவிடாமல் செய்கிறது. அழகை ரசித்த முகமில்லை அது. தீர்ப்புக்குக் காத்திருந்த முகம்.

"ரெண்டு நிறம்னா ரெண்டு ஈஸ்ட்டும்மா. வெளியிலேர்ந்து ஏதோ கலந்துடுச்சு. திங்கக்கிழமை அத்தனையும் ஆட்டோகிளேவ்ல அவிச்சுக் கொட்டிட்டு முதல்லேர்ந்து ஆரம்பி" என்றார் பேராசிரியர். முதலிலிருந்து என்றால் வேலை முடிவதற்குள் உதவித்தொகை தீர்ந்துவிடும். படிப்பே போய்விடும்.

ஒரே ஈஸ்ட்தான் என்பது அக்காவின் வாதம். வெள்ளை நிறம் தரும் மரபணுவை அவள் குரோமோசோமின் நுனியில் கொண்டுபோய்ச் செருகியிருந்தாள். அங்கே டிஎன்ஏ இழை புரதங்களோடு இறுகச் சுருண்டு கிடக்கும். இறுகாவிட்டால் நுனி பிரிந்து குரோமோசோமே சிதையத் தொடங்கும்; இறுகினாலோ உள்ளே அகப்பட்ட மரபணு வாயடைத்துப்போகும், செல் சிவக்கும். எப்போதாவது சுருள் தளரும், வெள்ளை எட்டிப்பார்க்கும். "எங்க கடைமடை வயல் மாதிரிதான்டி. மண்ணுல குத்தமில்ல. தண்ணி வந்து சேரல, அவ்வளவுதான்" என்பாள்.

அதை நிரூபிக்க ஒரு வழிதான் இருந்தது. வெள்ளைக் கீற்றிலிருந்து ஊசிமுனையளவு எடுத்துப் புதுத் தட்டுகளில் கோடாக இழுத்து வளரவிட்டாள். அதிலிருந்து மறுபடி சிவப்பு முளைத்தால், மரபணு கெடவும் இல்லை, வேறெதுவும் கலக்கவும் இல்லை.

தட்டுகள் வளர்ந்துகொண்டிருந்த சனிக்கிழமை, பட்டுக்கோட்டைக்கு அப்பால் அக்காவின் ஊரில், அவள் அப்பா குத்தகைக்கு உழுத நிலத்தைக் கைப்பற்றக் கோர்ட் அமீனா வருவதாகச் சேதி. எந்தக் கட்சி ஆண்டாலும் மேடையில் உழுபவன் பக்கம்தான் பேசினார்கள்; அமீனா என்னவோ நிலக்காரர் ஜீப்பில்தான் வந்தார். "இங்க வெச்சுட்டுப் போனா யாராவது முந்திக்கிட்டு அவிச்சுடுவாங்க" என்று அக்கா தட்டுகளை டிபன் கேரியரில் கவிழ்த்து அடுக்கினாள். இன்குபேட்டருக்கு என்ன செய்வதென்று கேட்டேன். "நம்ம ஊரு வெக்கையே போதும், வாடி."

ஊர் முனையில் எங்கள் பேருந்தைப் போலீஸ் மறித்தது.

"கேரியர்ல என்னம்மா? வயல்ல கூடியிருக்கவங்களுக்குச் சாப்பாடா?" என்றார் ஏட்டு.

"ஈஸ்ட்டுங்க ஏட்டையா. ஆராய்ச்சிக்கு."

"ஊசிப்போன மாவை டிக்கெட் எடுத்து அழைச்சுக்கிட்டு வர்றியாக்கும்?" பேருந்தே சிரித்தது. மேல் தட்டை எடுத்து மூடியில் நகத்தை வைத்தார்.

"வேண்டாங்க! காத்து பட்டா வீணாப்போயிடும். மூடி வழியாவே தெரியும், அப்படியே பாருங்க."

"திறக்காதேன்னா திறந்துதான் பாக்கணும்."

திறந்தார். முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். சாலைப் புழுதி மிதந்து மிதந்து உள்ளே இறங்கியது. அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. கலப்படம் என்ற பழியைத் துடைக்க வைத்திருந்த தட்டில், கண்ணெதிரே கலப்படம் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த தட்டுக்கு அவர் கை போனபோது வயல் பக்கம் கூச்சல் எழுந்தது. திறந்த தட்டை என்னிடம் திணித்துவிட்டு ஓடினார்.

அன்று பொழுது சாய்வதற்குள் வயலில் நிலக்காரரின் பலகை நின்றது. வரப்பில் உட்கார்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை. அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உட்காருமுன் கேரியரை நிழலுக்கு நகர்த்தினாள். அப்போது எனக்கு அது கல்நெஞ்சாகத் தோன்றியது. எனக்கும் சில இழப்புகள் நேர்ந்துவிட்ட இன்று, வேறென்ன செய்திருப்பாள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

திங்கட்கிழமை பேராசிரியரின் விரல் நேராக ஏட்டு திறந்த தட்டுக்குப் போனது. ஓரத்தில் பச்சைப் பூஞ்சை மயிர்விட்டிருந்தது. "பாத்தியா? நான் சொல்லல?"

"ஆமா சார். இது போலீஸ் திறந்த தட்டு. வெளியிலேர்ந்து கலந்தா இப்படித்தான் இருக்கும். இப்ப மூடி திறக்காததைப் பாருங்க."

வெள்ளையிலிருந்து வந்த திட்டுகளில் சிவப்புக் கீற்றுகள், தட்டுக்குத் தட்டு. பூஞ்சையின் சுவடே இல்லை. அவர் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவிக்க வேண்டாம்" என்றார் கடைசியில். பூஞ்சைத் தட்டை மட்டும் எடுத்துக் குப்பைக்கூடைப் பக்கம் திரும்பினார்.

"அதுவும் வேணும் சார்" என்று அக்கா கையை நீட்டினாள்.