விலா எலும்பு தெரிந்த கிறிஸ்து

எங்கார்னா வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பது எங்கள் ஊரறிந்த சங்கதி. விடியுமுன் சுர்ரோ என்ற முறுக்கு மாதிரியான பலகாரத்தைப் பிழிந்து எண்ணெயில் போடுவாள். வாங்க வருகிறவர்களை ஒரு வாரு வாரித்தான் அனுப்புவாள். மகன் ஃபெர்மின் பேச்சு வந்தால் மட்டும் வாயடைத்துப் போவாள். ஓர் ஆணோடு வாழப்போகிறேன் என்றவனை அப்பன் எலாடியோ வீட்டைவிட்டே துரத்தினான். அவன் பேர் என் காதில் விழக்கூடாது என்றும் சொல்லிவிட்டான். இவளும் சும்மா இருந்தாள். பெற்றவள் சும்மா இருக்கலாமா? அநியாயம்.

புனித வாரத்தில் சொரூபம் தூக்கும் சகோதரர் சபைக்கு எலாடியோதான் தலைவன். வருஷாவருஷம் ஓர் ஓவியரிடம் கிறிஸ்துவை வரைந்து வாங்கி, கோயிலில் திறந்துவைத்து, அதையே சுவரொட்டியாக ஊரெங்கும் ஒட்டுவோம். திரை விலகும்வரை ஒருவரும் பார்க்கக் கூடாது. போன வருஷம் வந்தது வெறும் கோடும் கட்டமும். சபைக்கு ஏகக் கடுப்பு. இந்தத் தடவை முன்னோர் வழியில் ஆளை ஆளாக வரைகிறவர்தான் வேண்டும் என்று எலாடியோ ஒற்றைக் காலில் நின்று, செவில்லா நகரத்திலிருந்து நோயெலியா என்ற ஓவியப் பெண்ணைப் பிடித்தான்.

திரையை அவனே இழுத்தான். சிலுவையில் ஃபெர்மின் தொங்கினான்.

எங்கார்னா படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். சுர்ரோ தின்றே கன்னம் உப்பி வளர்ந்த பிள்ளை, இப்போது விலா எலும்பெல்லாம் துருத்திக்கொண்டு தொங்குகிறது. பின்னால் ஃபெர்மினை அறியாத வெளியூர்க்காரர் யாரோ, என்ன அருமையான கற்பனை என்று மெச்சினார்கள்.

அவள் நோயெலியாவின் கையைப் பிடித்தாள். "இந்த எலும்பெல்லாம் நீயா கற்பனையில போட்டதா, பொண்ணே?"

"இல்லம்மா. படத்துக்கு மாடலா எதிர்ல உக்காந்தவர்கிட்ட பாத்ததத்தான் வரைஞ்சேன்."

இவள்தான் அவருடைய தாய் என்று நோயெலியாவுக்குத் தெரியாது. கூட வாழ்ந்தவர் குளிர்காலத்தில் இறந்துவிட்டார், அதிலிருந்து செவில்லாவில் தனியாக இருக்கும் அந்த மனிதர் சரியாகச் சாப்பிடுவதே இல்லை என்றாள்.

அதற்குள் சபையார் எலாடியோவைச் சூழ்ந்துகொண்டு, இவனையா கும்பிடுவது, இறக்கு படத்தை என்று கத்தினார்கள். அவன் திரைக் கயிற்றைப் பிடித்தபடி மரமாக நின்றான்.

எங்கார்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிரே வந்தாள். "இவ்வளவு வருஷமா முழந்தாள் போட்டு யாரத்தான் கும்பிட்டியோ. நான் என் பிள்ளகிட்டப் போறேன்."

அவன் கயிற்றை விட்டான். சாவிக்காகப் பையைத் துழாவினான்.

"பஸ் போயிருக்கும். வண்டிய நான் ஓட்டறேன்," என்றான். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்: "என்னை உள்ள விடுவானா, எங்கார்னா?"