சப்பாத்துச் சத்தமும் ஐந்து சாக்குகளும்

எங்கள் பக்கத்தில் நாயை ஏவிவிட ஒரு சொல் இருக்கிறது. "சூ" என்றால் போதும், வயலுக்குள் இறங்கிய பன்றியோ வளவுக்குள் புகுந்த மாடோ எல்லை தாண்டும்வரை நாய் விடாது. ஆனால் பாய்ந்த நாயை நிறுத்துவதற்கு எங்களிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. எங்கள் ஊரான பாப்பாமோட்டையில் நெல் விதைத்த வீடெல்லாம் நாய் வளர்த்தது, குரைக்காத நாய்க்கு யார் சோறு போடுவார்கள்? ஆமி என்று நாங்கள் சொல்லும் இராணுவம் வந்து எங்கள் தெரு முனையில் முகாம் போட்ட பிறகுதான் அந்த ஒரு சொல் இல்லாதது எனக்கு உறைத்தது.

அப்போது எங்கள் வளவில் ஐந்து நாய்கள். கறுவலும் அவளுடைய மகன் வெள்ளைக்காலனும் எங்களுடையவை. மற்ற மூன்றும் சனம் இடம்பெயர்ந்தபோது என் தலையில் வந்து விழுந்தவை. சண்டை கிட்ட வருகிறது என்றதும் ஒவ்வொரு குடும்பமாக அடைக்கலம் தேடி மடுக் கோவில் பக்கம் வெளிக்கிட்டது. போகிறவர்கள் எங்கள் வாசல் படலையில் நாயைக் கட்டிவிட்டுப் போனார்கள். என்னிடம் கேட்கக்கூட இல்லை. நாய்க்காரி என்று பெயர் எடுத்தால் அப்படித்தான்.

கேட்டுக் கொடுத்தவள் ஒருத்தி மட்டும். மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறிக் கூலி வேலை செய்த குடும்பம், எங்கள் வேலிக்கு அடுத்த வேலி. அவளுடைய நாய்தான் செவலை. பால் மறவாத குட்டியாகத் தூக்கி வந்து தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்திருந்தாள். புறப்படும்போது அதை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு அழுதாள்.

"மூணு புள்ளைங்களயும் நான் எப்படிக்கா இழுத்துக்கிட்டுப் போறது? இதுல இது வேற. உசுரோட வச்சிருங்கக்கா, அது போதும்."

"நீ வந்து கேக்கேக்க உயிரோட தருவன். போட்டு வா" என்றேன்.

சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் சொன்னதிலிருந்து பின்வாங்கிப் பழக்கம் இல்லை.

நானும் வீட்டுக்காரரும் போகவில்லை. வயலில் கதிர் முற்றி நின்றது, அதை விட்டுவிட்டு எங்கே போவது? அடுத்த சில நாட்களில் ஆமி ஊருக்குள் வந்தது. காலையில் வெயில் ஏறும் நேரம் எங்கள் ஒழுங்கையால் குளக்கட்டுவரை ரோந்து போகும், அதே வழியால் திரும்பி வரும். கிரவல் ஒழுங்கையில் அவர்களுடைய கால் சப்பாத்துச் சத்தம் தூரத்திலேயே கேட்கும். கேட்டதும் செவலை எழும்பும். அது ஒரு குரல் கொடுத்தால் மற்ற நான்கும் என்ன ஏது என்று பார்க்காமல் பின்னால் ஓடும். ஒருநாள் செவலை வேலியைத் தாண்டிப் பாய்ந்து, முன்னால் வந்த சிப்பாயின் காற்சட்டையைக் கவ்விவிட்டது. தோல் கிழியவில்லை, துணிதான். அவன் சுடுவதற்குத் துவக்கைத் திருப்பிப் பிடித்துவிட்டான். நான் விளக்குமாற்றோடு ஓடிப்போய் நடுவில் நின்றேன்.

நடுவயது ஆள். கொச்சைத் தமிழ் தெரிந்திருந்தது. செவலையைக் கையால் காட்டினான்.

"இந்த நாய். திரும்ப ரோட்டுக்கு வந்தா வெடி. எல்லா நாயும் வெடி. தெரியும்தானே?"

தெரியும் என்றேன். குளத்தடியில் அப்படிச் சூடு பட்டுச் செத்துக் கிடந்த நாயை முதல் நாள்தான் பார்த்திருந்தேன்.

வீட்டுக்காரர் உடனே தீர்ப்புச் சொன்னார். "அஞ்சையும் கட்டிப் போடும்."

"கட்டினா ஷெல் விழேக்க எங்க ஓடும்? நீங்கள் பங்கருக்குள்ள ஓடுவியள். அதுகள்?"

"அப்ப நல்ல அடி போடும். ஒரு நாள் வாங்கினா அடங்கும்."

"அடிச்சா அந்தச் சத்தத்துக்கு இன்னும் பயப்பிடும். பயந்த நாய்தானப்பா கடிக்கிறது."

"அப்பிடியெண்டா நாய்ப் பள்ளிக்கூடம் ஒண்டு திறவும்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். நக்கல். எனக்கு நக்கலடித்தால் போதும், அந்த வேலையை முடிக்காமல் விடமாட்டேன்.

முதலில் நான் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. வாயில் சாப்பாடு இருந்தால் நாய் எப்படிக் குரைக்கும்? சப்பாத்துச் சத்தம் தொலைவில் கேட்டதும் கருவாட்டுத் தலை அவித்துப் பிசைந்த சோற்றை முற்றத்தில் வைப்பேன். ஐந்தும் வாயை மூடிக்கொண்டு தின்றன. ரோந்து போய்விட்டது. அட, இவ்வளவுதானா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிறகு ஒரு காலை சோறு வேகப் பிந்திவிட்டது. சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஐந்து நாயும் வேலியைத் தாண்டி ஒழுங்கைக்கு ஓடின. நான் விளக்குமாற்றைத் தூக்கினேன். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றும் குரைக்கவில்லை. ரோந்துக்கு முன்னால் வரிசையாக நின்று வாலை ஆட்டுகின்றன! சப்பாத்து வந்தால் சாப்பாடு வரும், அதுதான் நாய்களுக்கு நான் படிப்பித்த பாடம். இளம் சிப்பாய்கள் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு பிஸ்கட் எறிந்தார்கள். நடுவயது ஆள் மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு தடவைதான் என்பதுபோல ஒரு விரலை உயர்த்தி என்னைப் பார்த்துவிட்டுப் போனான்.

அன்று பின்னேரமே கதை ஊரைச் சுற்றிவிட்டது. கிணற்றடியில் ஒருத்தி கேட்டாள்: "என்னக்கா, உங்கட நாயளுக்கு ஆமி மாமன் மச்சான் முறையோ? வாலாட்டி வரவேற்குதுகளாம்."

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பகிடி பகிடியாக முடியாது. அந்த வீட்டுக்கு ஆமி வந்து போகிறதா, நாய்கள் இவ்வளவு பழகியிருக்கின்றனவே என்று ஒருவர் சொன்னால் போதும், ஆமியோடு சண்டை பிடிக்கும் பக்கத்திலிருந்து கேட்க ஆட்கள் வருவார்கள். குரைத்தால் ஆமி சுடும், வாலாட்டினால் ஊர் சந்தேகப்படும். இந்த ஐந்து சீவனும் வேறு என்னதான் செய்வது? எனக்கு அழுகை வந்தது. அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, வேலையைத் தொடங்கினேன்.

குரைக்கவும் கூடாது, போகவும் கூடாது. சத்தம் கேட்டால் தன் இடத்தில் போய் இருக்க வேண்டும். அதற்கு முதலில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வேண்டும். நிவாரண மா வந்த சாக்குகளில் ஐந்தை எடுத்து, சோறாக்கும் குசினிக்குப் பின்னால் வேம்பின் கீழ் தள்ளித் தள்ளி விரித்தேன். செவலைக்கு அடிமரத்தோடு, ஒழுங்கை தெரியாத மூலையில். பொதுச் சோறு அன்றோடு நின்றது. ஒவ்வொன்றுக்கும் தன் சாக்கில் தன் சட்டி. சட்டி தனியானதும் பாதிச் சண்டை குறைந்துவிட்டது. இத்தனை நாளும் அவை குணத்தால் அடிபடவில்லை, பக்கத்து வாய்க்குப் பயந்துதான் அடிபட்டிருக்கின்றன.

ஐந்தையும் ஒன்றாகப் பழக்கப் பார்த்தால் ஒன்றின் குரங்குச் சேட்டையை மற்றது பழகும். அதனால் நான்கைக் கிணற்றடியில் கட்டிவிட்டு ஒன்றை மட்டும் கூட்டி வருவேன். "இடத்துக்கு!" என்று சொல்லிச் சாக்கைக் காட்டுவேன். போய்க் குந்தி இருந்தால் ஒரு துண்டு கருவாடு. எழும்பினால் ஒன்றுமில்லை, ஏச்சும் இல்லை, திரும்ப முதலிலிருந்து. நான் "சரி, போ" என்று சொன்னால்தான் எழும்பலாம். கிழவி கறுவல் வந்த உடனேயே பிடித்துக்கொண்டாள், எனக்கே புத்தி சொல்வாள் போலிருந்தது. வெள்ளைக்காலன் மூளை இல்லாதவன், அவனை மட்டும் தாயோடு கூட்டி வந்தேன், தாய் இருந்தால் இருப்பான். செவலைதான் என் உயிரை வாங்கியது. வேறு எதற்கும் இருக்கும், சப்பாத்துச் சத்தம் கேட்டால் இருக்காது. ரோந்து போய் வரும் நேரம் மட்டும் ஐந்தையும் கட்டி வைத்தேன், அப்போது பழக்கிப் பார்க்க முடியுமா? ஒரு தடவை பிசகினால் அதுவே கடைசித் தடவை.

"உங்கட கலியாணச் சப்பாத்து எங்க?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"எதுக்கு?"

"போட்டுக்கொண்டு ஒழுங்கையில நடவுங்கோ. காலை நல்லா அமத்தி."

"உமக்கென்ன, விசரே?"

விசர்தான், பைத்தியம்தான். ஆனாலும் நடந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, கலியாணத்துக்குப் பிறகு வெளிச்சம் காணாத கறுத்தச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, கிரவலில் டொக் டொக்கென்று போவார், வருவார். முதலில் தூரத்தில், பிறகு கிட்ட, பிறகு படலையடியில். நான் செவலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு டொக்குக்கும் ஒரு துணுக்குக் கருவாடு கொடுப்பேன். சப்பாத்து கடித்து அவர் காலில் கொப்புளம் வந்துவிட்டது. "நாயை விட எனக்குத்தான் பழக்கம் கூடிப்போச்சுது" என்று முனகினார், ஆனால் நிறுத்தவில்லை. நக்கல் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

ஐந்தையும் ஒன்றாக அவிழ்த்துவிட்டுப் பழக்கத் தொடங்கிய பிறகு, அப்படி அவர் நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் டொக் சத்தம் திடீரென்று கூடியது. எட்டிப் பார்த்தேன். இவருக்குப் பின்னால் உண்மையான ரோந்து வந்துகொண்டிருந்தது. அன்று வழக்கத்தைவிட முந்தியே வந்துவிட்டார்கள். இவர் சாரமும் சப்பாத்துமாகக் கட்டைபோல நின்றார். தெரிந்த இரண்டு சிங்களச் சொல்லும் அவருக்கு மறந்துபோயிற்று.

முன்னால் அந்த நடுவயது ஆள். "என்ன செய்றது?" என்றான்.

"நாய்க்குப் பாடம், மாத்தயா. பல்லோ... இஸ்கோல" என்று படலைக்குள் நின்று கத்தினேன், நாய்ப் பள்ளிக்கூடம் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிங்களம் அதுதான். மற்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். அவன் சிரிக்காமல் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான்.

"இடத்துக்கு!" என்றேன். ஐந்தும் சாக்குக்குப் போயின.

அவன் துவக்கைக் கையில் பிடித்தபடி வேம்படிக்கு நடந்தான். கறுவலைப் பார்த்தான், வெள்ளைக்காலனைப் பார்த்தான், மற்ற இரண்டையும் பார்த்தான். செவலையின் முன்னால் நின்றான். அதன் முதுகு மயிர் சிலிர்த்துவிட்டது. தொண்டைக்குள் உறுமல். பின்கால் மெல்ல உயர்கிறது. கத்தினால் பாயும் என்று எனக்குத் தெரியும். "இரு" என்றேன், பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாக. கால் தாழ்ந்தது. அவன் வேண்டுமென்றே சப்பாத்துக் காலைத் தரையில் ஓங்கி அடித்தான். புழுதி எழும்பியது. செவலையின் உடம்பு முழுக்க நடுங்கியது, சாக்கைவிட்டு அசையவில்லை.

"இது அந்த நாய்தானே?"

"ஓம் மாத்தயா."

பிறகு துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு படலைவரை போய்த் திரும்பினான்.

"ரோட்டுக்கு வந்தா இன்னும் வெடிதான்."

"வராது" என்றேன்.

வரவில்லை. அவர்கள் அங்கிருந்த காலம் முழுவதும் ஒரு நாளும் வரவில்லை.

அறுவடை முடிந்து நெல் காயமுன்னரே சண்டை திரும்பி வந்தது. இந்தமுறை ஷெல் எங்கள் வயலிலேயே விழுந்தது. ஊரில் மிஞ்சியிருந்த ஒரே உழவு இயந்திரம் பின்னால் இழுக்கும் பெட்டியோடு எங்கள் படலையில் வந்து நின்றது. நாங்கள் இருவரும், இன்னும் இரண்டு குடும்பமும், நெல்லு மூட்டைகளும். ஓட்டுநர் நாய்களைக் கண்டதும் கையை விரித்தான்.

"அக்கா, நாய் ஏத்தேலாது. பெட்டிக்குள்ள சண்டை பிடிச்சுதுகள் எண்டா சனம் எங்க போறது?"

நான் வாயைத் திறக்குமுன் வீட்டுக்காரர் குசினிக்குப் பின்னால் போனார். ஐந்து சாக்கையும் உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நெல்லு மூட்டைகளுக்கு மேல் தள்ளித் தள்ளி விரித்தார், வேம்பின் கீழ் விரித்த அதே ஒழுங்கில்.

"இப்ப சொல்லும்" என்றார்.

சொன்னேன். ஐந்தும் ஏறித் தன் தன் சாக்கில் இருந்தன. ஓட்டுநர் இயந்திரத்தைக் கிளப்பினான்.

மடுவில் மரத்துக்கு மரம் தறப்பாள் கட்டிச் சனம் இருந்தது. நாங்களும் ஒரு மரத்தைப் பிடித்தோம். சாக்குகளைக் கொட்டிலுக்கு வெளியே விரித்தேன். நெரிசலில் நாய்களோடு வந்திருக்கிறாளே என்று முணுமுணுத்தவர்கள் ஒரு குரைப்பும் கேட்காததால் ஓய்ந்தார்கள். செவலை இரவில் என் காலடிக்கு வந்து படுக்கப் பழகியிருந்தது. இனி இது என்னுடையதுதான் என்று நானும் நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

தண்ணீர் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "செவல! அடி ஆத்தி, எஞ் செவல!"

செவலையை என் கையில் தந்தவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மெலிந்து கறுத்திருந்தாள். மூன்று பிள்ளைகளும் பின்னால். நான் சொல்லிச் சாக்கில் இருத்தியிருந்த நாய் அவளைக் கண்டுவிட்டது. வால் சாக்கில் பட்பட்டென்று அடித்தது, மூக்கால் அழுதது, உடம்பு முழுக்க ஆடியது. ஆனால் எழும்பவில்லை.

அவள் முகம் விழுந்துவிட்டது. "என்னக்கா, என்னைய மறந்திருச்சா?"

"மறக்கேல்லயடி. மறந்தா இப்பிடி நடுங்குமோ?"

செவலை அவளைப் பார்த்தது, திரும்பி என்னைப் பார்த்தது. திரும்ப அவளை, திரும்ப என்னை. அது எதற்காகக் காத்திருக்கிறது என்று அங்கே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது, பொய் சொல்லமாட்டேன். இவ்வளவு பாடுபட்டுப் பழக்கியது நான் அல்லவா? ஆனால் உயிரோடு தருவேன் என்று சொன்னதும் நான்தானே.

"சரி, போ" என்றேன்.

செவலை பாய்ந்த பாய்ச்சலில் அவள் மல்லாந்து விழுந்தாள். பிள்ளைகள் அதன்மேல் விழுந்தார்கள். நான் குனிந்து அடிமரத்தோடு கிடந்த சாக்கை எடுத்து, புழுதியை உதறி, நான்காக மடித்து அவள் கையில் கொடுத்தேன்.

"இதையும் கொண்டுபோ. இது இல்லாட்டி அது இருக்காது."