எல்லோரும் சிரித்த காட்சி

மதினியின் மடியில் இருந்த பாப்கார்ன் பொட்டலம் இடைவேளை முடிந்து வெகுநேரம் ஆகியும் பிரிக்கப்படாமலே கிடந்தது. ராஜபாளையத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னி. ஐம்பதைத் தாண்டிய ஒரு கணவன் மனைவியைப் பற்றிய நகைச்சுவைப் படம். அண்ணன் நடுவில் உட்கார்ந்திருந்தார்; அவருக்கு அந்தப் பக்கம் மதினி, இந்தப் பக்கம் நான். படத்தில் மனைவி ஸ்கூட்டர் ஓட்டிப் பழகுகிறாள். தெருமுனையில் திரும்பும்போது விழுகிறாள். ஓடிவரும் கணவன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறான். அவள் தரையிலேயே கிடக்கிறாள். தியேட்டரே அதிர்ந்தது. அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, என் தொடையில் தட்டி, "நம்ம வீட்லயும் இதே கததாம்லே" என்றார். நானும் சிரித்தேன். மதினி ஸ்கூட்டரிலிருந்து விழுந்த கதையை அவர் கல்யாண வீடுகளில் சொல்லி நான் பலமுறை சிரித்திருந்ததால், அந்தச் சிரிப்பு தானாகவே வந்தது. பிறகுதான் அவரைத் தாண்டி மதினியைப் பார்த்தேன். மதினி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

அண்ணனைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. நூல் மில்லில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். மதினிக்கு வாய்த்தது மாதிரி யாருக்கு வாய்க்கும் என்று எங்கள் சொந்தத்தில் எல்லோரும் சொல்வார்கள். மதினி பேசிக்கொண்டிருக்கும்போது அவர் ‘ம்’ என்பார். மதினி அடுக்களைக்குள் போன பிறகு, என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்பார். மில் இரைச்சலில் நின்று நின்று அவருக்கு அப்படி ஆகிவிட்டது என்று நாங்களே காரணமும் சொல்லி வைத்திருந்தோம்.

படம் பார்த்த மூன்றாம் நாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் மதினியின் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். பார்த்துக்கொள்ள மதினி போனார். ஒரு மாதத்தில் பெரியவர் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார். மதினி திரும்பவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய வீட்டில் அண்ணன் தனியாக இருந்தார். இரண்டு வேளையும் ஓட்டலில் பார்சல். கேட்பவர்களிடமெல்லாம் ரெண்டு நாளில் வந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் கழித்து, போய்க் கூட்டிக்கொண்டு வா என்று என்னை அனுப்பினார்.

ரத வீதிக்குப் பின்னால் ஒரு சிறிய கடையில் மதினி நைட்டி தைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் காபி வாங்கிவரச் சொல்லிவிட்டு, தையல் மிஷினை நிறுத்தாமலே வீட்டு விசேஷங்களையெல்லாம் கேட்டார். எப்போது வருகிறீர்கள் என்று நான் கேட்டதும் மிஷின் நின்றது.

"அன்னைக்குத் தியேட்டர்ல அம்புட்டுப் பேரும் சிரிச்சாகள்ல கொழுந்தனாரே, அது எனக்கு நடந்தது. விழுந்தப்போ மணிக்கட்டுல எலும்பு கீறல் விட்டுருச்சு. பக்கத்து வீட்டுக்காரிதான் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா. சாயங்காலம் ஒங்க அண்ணன்ட்ட சொன்னேன். ம்முன்னுட்டு ஷிப்டுக்குப் போயிட்டாக."

துணியைத் திருப்பி வைத்துக்கொண்டே, "நீங்களும் சிரிச்சீக" என்றார். குரலில் கோபம் இல்லை. அதன்பின் வருவதைப் பற்றி நான் பேசவில்லை.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது, இதை அண்ணனிடம் அப்படியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாசலில் அவர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பெரியவருக்கு இன்னும் சரியாக நடக்க வரவில்லையாம் என்று சொல்லிவிட்டேன். அவரை நோகடிக்க வேண்டாம் என்பதற்காகச் சொன்ன பொய் என்று கொஞ்ச காலம் நம்பினேன். உண்மையைச் சொன்னால் நான் சிரித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும், அதற்குத்தான் பயந்தேன். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அவர் இரண்டு வருடம் காத்திருந்தார்.

அந்தப் படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் வந்தபோது நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். ஸ்கூட்டர் காட்சி வந்ததும், சிரிக்கப் போகிற முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. மதினி கடையில் சொன்ன எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன்.

"கையில துணி சுத்தியிருந்தா. சுளுக்குன்னு நெனச்சேன்" என்றார் அண்ணன். பிறகு, "எங்கிட்டச் சொல்லவே இல்லையே அவ."

"சொன்னாகளாம்ணே."

படத்தில் அந்தக் கணவன் திருந்திக்கொண்டிருந்தான். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகி, குடும்பத்தோடு ஆடிப் பாடினார்கள். அண்ணன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார். அவராகவே சொன்னார்.

"சாப்பிடச் சொன்னா, சாப்பிட்டேன். கை எப்பிடி இருக்குன்னு கேட்டேன். நல்லாருக்குன்னா. பொறவு என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியலலே. உக்காந்திருந்துட்டு வந்துட்டேன்."

முப்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம் கேட்க அவருக்கு அந்த ஒரு கேள்விதான் இருந்தது. அதையும் நான்தான் இரண்டு வருடம் தாமதமாகக் கொடுத்திருந்தேன்.

போன வருடம் மதினியின் அப்பா இறந்தார். அண்ணன் மூன்று நாளும் அங்கேயே நின்று, பந்தல்காரனிடம் பேசுவது, தண்ணீர் லாரி சொல்வது என்று மகன் ஸ்தானத்தில் எல்லாம் பார்த்தார். மதினி அவரிடம் சொல்ல வேண்டிய வேலைகளைக்கூட என்னிடம்தான் சொல்லி அனுப்பினார். அண்ணன் பதிலையும் நானே கொண்டுபோனேன். காரியம் முடிந்த மாலை, வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிவிட்டு அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இனி அந்த வீட்டிலும் ஒருவர், இந்த வீட்டிலும் ஒருவர். நடுவில் அரை மணி நேர பஸ். யாராவது ஒருவர் வாயைத் திறப்பார்கள் என்று நான் முற்றத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மதினி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"போயிட்டாகளா?"

போய்விட்டார் என்றேன்.

"இந்நேரம் பஸ் கெடச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, மதினி உள்ளே போய்ப் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார்.