பூஜ்ய ரூபாய் டிக்கெட்

திருப்பதி கண் ஆஸ்பத்திரிக்குப் போக நகரியில் பஸ் ஏறினோம். "ஆதார் சூப்பிஞ்சம்மா" என்று தெலுங்கில் அட்டையைக் காட்டச் சொன்ன கண்டக்டர், அம்மாவிடம் பூஜ்ய ரூபாய் டிக்கெட்டை நீட்டினார். ஆந்திர பஸ்ஸில் பெண்களுக்கு இப்போது இலவசம். மெஷினின் கிர்ர் சத்தத்தில் எனக்குப் பழைய வீடு கேட்டது: ஓயாத தறி, அதற்கு மேலே கத்தும் நைனா.

"பஸ் சார்ஜை மறுபடி ஏத்திட்டாங்கமே!"

"அப்போ அக்காவைப் பொங்கலுக்குப் பாத்துக்கறேன், வுடு."

பெரியம்மா பங்காருபாளையத்தில் இருந்தாள். மாதாமாதம் போய்வந்த அம்மா, கட்டணம் ஏற ஏறப் பண்டிகைக்கு மட்டும் போனாள். பிறகு மாங்காய் சீசனுக்கு மட்டும். திரும்பும்போது பையெல்லாம் மாங்காய்ப் பால் வாசனை. கடைசியாகப் பெரியம்மாவின் சாவுக்குப் போனாள்.

அம்மா டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்போ சும்மாவே ஏத்திக்கினு போறாங்க. யாரு வூட்டுக்குடா போறது?"