மாதக் கடைசி விருந்தாளி

மாதக் கடைசி வந்துவிட்டால் சடையன் வராந்தா நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, ஒற்றையடிப் பாதையையே பார்த்துக்கொண்டு நிற்பார். புதூர்நாட்டுக்கு மேலே இருக்கும் அந்தப் பழைய பயணியர் விடுதிக்குக் காவல்காரர் அவர், சமையல்காரரும் அவரே. தங்க வருகிறவர்கள்தான் கிடையாது. புது ரோடு கீழேயே திரும்பிப் போனதோடு வருகிறவர்களும் நின்றுபோனார்கள்.

மாதாமாதம் திருப்பத்தூர் ஆபீசுக்கு ஒரு காகிதம் போகவேண்டும். விருந்தாளிகள் எப்படி வருகிறார்கள் என்ற கேள்விக்கு எதிரே நாலு இங்கிலீஷ் சொல், ஒன்றில் டிக் அடிக்கவேண்டும். முன்பிருந்த அதிகாரி சொல்லிக்கொடுத்த அர்த்தத்தைச் சடையன் இன்றும் ஒப்பிப்பார்: "ஆல்வேஸ்னா எப்பவுமே. ஆஃபன்னா அடிக்கடி. சம்டைம்ஸ்னா எப்பனா ஒருத்தர் வந்தாகூட போதுங்க. நெவர்னா ஒருத்தருமே இல்ல."

அந்தக் கடைசிச் சொல்லின் பக்கம் அவர் பேனா போனதேயில்லை. போனால் விடுதியைப் பூட்டி அவரைக் கீழே மாற்றிவிடுவார்கள். அவருக்கு வேறு வீடு இல்லை. மகன் சின்னதம்பி, அப்பன் கைநீட்டிவிட்ட கோபத்தில் வாணியம்பாடி தோல் வேலைக்குப் போய் மூன்று வருஷமாகிறது. "வந்தா இங்கதான வருவான்? பூட்டு தொங்கினா அப்படியே திரும்பிப் போய்டுவான்" என்பார்.

பொய் எழுதவும் மனசு வராத மனிதர். அதனால் புளிக் கூடையோடு போகும் பச்சையம்மாவை மடக்கி, நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுப்பார்.

"இன்னா மாமா, எனக்கு வூட்டுல வேலை கெடக்குது."

"அஞ்சே நிமிசம் குந்துமா. கவர்மெண்டு வேலை."

அவள் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டுப் போனதும் சம்டைம்ஸில் டிக் விழும்.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் நாலு நாள் மழை விடவில்லை. பச்சையம்மா வரவில்லை, பாதையில் ஈ காக்கைகூட இல்லை. கீழே ரோட்டில், காகிதம் வாங்கிப்போகும் உஸ்மானின் ஜீப் ஹாரன் அடித்தது. அவன் வண்டியைவிட்டு இறங்குகிற ஆள் இல்லை.

சடையன் டீ போட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். காவல்காரர் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வெறும் பனியனோடு மழையில் இறங்கி, கேட்டுக்கு வெளியே போய், கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தட்டினார்.

"அப்பா" என்று கூப்பிட்டார், சின்னதம்பி கூப்பிடுவதுபோல.

உள்ளேயிருந்து யாராவது வரச்சொல்லட்டும் என்று, மழையிலேயே நின்றார்.