தறிக்குழியில் நின்ற மகள்

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் என்னைப் போல அவசரப்படும் தாய்மார் படிக்கட்டும்.

என் மகள் யாழினிக்கு நான்கு வயது. பிறந்த நேரத்தில் மூளை பாதிக்கப்பட்டதால் கால்கள் விறைத்துப் பின்னிக்கொள்ளும். அருப்புக்கோட்டையில் பயிற்சி கொடுக்கும் மேடம், சுருட்டிய போர்வைமேல் அவளைக் காலை அகட்டி உட்காரவைத்து மெல்ல ஆட்டுவார். "மொதல்ல விறைப்பு இளகட்டும்மா. நிக்கிறத பெறகு பாத்துக்கிடலாம்" என்பார்.

ஒரு வருடமாகியும் அதே போர்வை, அதே ஆட்டல். வெறுத்துப்போய் அங்கே போவதையே விட்டுவிட்டேன்.

என் கணவர் கைத்தறி நெய்பவர். அவர் சாப்பிட எழுந்த நேரம், கால் மிதிக்கும் தறிக்குழிக்குள் பிள்ளையை இறக்கி, சுற்றிலும் பழந்துணியைத் திணித்தேன். நுனிக்காலில் விறைப்பாக நின்றாள். "ஏங்க, ஓடியாங்க! நம்ம பிள்ள நிக்கிறா!" என்று கை தட்டினேன். அவளும் சிரித்தாள். ஆறு மாதம் தினமும் அப்படி நிற்கவைத்தேன்.

பிறகு காலை அகட்டினாலே அலறினாள். மறுபடியும் மேடத்திடம் தூக்கிப்போனேன்; எக்ஸ்ரே எடுத்ததில் இடுப்பு மூட்டு விலகியிருந்தது.

"நான் குழியில நிக்க வச்சதாலயா மேடம்?"

"அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க பாத்தது பெலம் இல்ல, விறைப்பு. பயிற்சிக்கு வந்துக்கிட்டே இருந்திருந்தா மூட்டு விலகுறது முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

ஆபரேஷன் செய்தாலும் நடப்பாள் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது ஒரு வாரம்கூடத் தவறாமல் போகிறேன். கால் விறைத்தால் கை தட்டுவதில்லை, மெல்ல இளக்கிவிடுகிறேன். அவள்தான் இன்னமும், கால் விறைக்கும்போதெல்லாம், கை தட்டுவேன் என்று என் முகத்தைப் பார்க்கிறாள்.